கிழட்டுத் துப்பாக்கியும் முறுக்கான தோட்டாவும்

1980களில் சுவீடன் ராணுவம் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. 1940களில் தயாரான எம்/40 பிஸ்டல்களை வீரர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, அதற்கும் முந்தைய தலைமுறையைச் சேர்ந்த எம்/07 பிஸ்டல்களைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த எம்/07, 1907இல் படையில் சேர்ந்தது. பேரன் படுத்துவிட, தாத்தா வேலைக்குத் திரும்பிய கதைதான்.

பேரனைப் படுக்க வைத்தது எதிரி அல்ல, சொந்தப் படையின் தோட்டா.

எம்/40இன் மூலம் பின்லாந்தின் எல்-35. ஐமோ லாஹ்டி வடிவமைத்தது. கடுங்குளிரிலும் மக்கர் செய்யாது என்று பெயர் வாங்கியது. சுவீடன் முதலில் தேர்ந்தெடுத்தது ஜெர்மனியின் வால்தர் பி-38ஐத்தான். போர் மூண்டதும் அந்த வரத்து நின்றுபோக, லாஹ்டியின் வடிவமைப்புக்கு உரிமம் பெற்று ஹஸ்க்வார்னா ஆலை 80,000க்கும் மேல் செய்து தள்ளியது. போர்க்காலத்தில் கிடைத்த எஃகு அசலின் தரத்தில் இல்லை. சாதாரணத் தோட்டாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு எம்/39பி என்ற தோட்டா வந்தது. அளவில் அதே 9 மி.மீ. பாராபெல்லம். ஆனால் கார்ல் குஸ்டாஃப் எம்/45 சப்-மெஷின் துப்பாக்கியை மனதில் வைத்துச் செய்தது. தடுப்புகளைத் துளைப்பதற்காக ரவைக்குத் தடித்த எஃகு உறை. வேகமும் அழுத்தமும் கூடுதல். சப்-மெஷின் துப்பாக்கிக்கு இது பொருட்டே இல்லை. அதற்குள் இருக்கும் கனத்த போல்ட், உதையைத் தன் எடையாலேயே வாங்கிக்கொள்ளும். பிஸ்டலில் பின்னோக்கி ஓடும் பாகம் லேசு, ஓட இடமும் குறைவு. மிச்ச வேகம் முழுவதும் ஃபிரேமில் போய் மோதும். ஒரு தடவை சுட்டால் ஒன்றும் தெரியாது. சுடச் சுட ஃபிரேமில் மயிரிழை விரிசல் விழும். 1988இல் க்ளாக் 17ஐ ஏற்கும்வரை தாத்தாதான் சமாளித்தார்.

லாஹ்டியைக் குறை சொல்வது நியாயமில்லை என்பேன். எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்றால் கிடங்குக் கணக்கு எளிது. அந்தச் சௌகரியத்துக்கான விலையைத்தான் பிஸ்டல் கொடுத்தது.

இத்தாலியின் 1910ஆம் ஆண்டு கிளிசெண்டி பிஸ்டலின் நிலைமை இதைவிட மோசம். அதன் தோட்டாவும் பாராபெல்லமும் நீள அகலத்தில் ஒன்றே. கிளிசெண்டிக்கு மருந்தின் வேகம் மட்டும் குறைவு. துப்பாக்கியின் இடப்பக்கமோ கழற்றி மாட்டும் தகடு, அந்தப் பக்கத்துக்கு வலுவே இல்லை. பாராபெல்லம் தடங்கலின்றி உள்ளே போகும், வெடிக்கவும் செய்யும். அப்புறம் துப்பாக்கி பிழைத்தால் அதிர்ஷ்டம்.

பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் அதிகம் வாதாடுவது மவுசர் சி96 பற்றி. 1896இல் வந்த இந்த ஜெர்மன் பிஸ்டல் 5.5 கிராம் ரவையை நொடிக்குச் சுமார் 430 மீட்டர் வேகத்தில் அனுப்பியது. அந்தக் காலத்துக்கு அசுர வேகம். சோவியத் நாடு அந்தத் தோட்டாவை ஒட்டியே தன் டோக்கரேவ் தோட்டாவைச் செய்துகொண்டது. பின்னால் பிபிஎஸ்ஹெச்-41 சப்-மெஷின் துப்பாக்கிக்கும் அதுவே தீனி. அளவுகள் அவ்வளவு நெருக்கம் என்பதால் டோக்கரேவ் தோட்டா பெரும்பாலும் மவுசருக்குள்ளும் போய்விடும். ராணுவம் கழித்துக்கட்டிய சரக்கு மலிவாகக் கிடைத்த காலத்தில் கை சும்மா இருக்குமா? ஆனால் அதில் பல ரகங்கள் மவுசர் தோட்டாவைவிடக் காட்டமானவை. சி96இல் போல்ட் பின்னால் பறந்துவிடாமல் தடுப்பது ஒரு சிறு எஃகுத் துண்டு. அது முறிந்தால் போல்ட் வந்து சேரும் இடம் சுடுபவரின் முகம். புது ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் உண்டு. ஸ்பிரிங் மோதலைத் தணிக்கும். குழலுக்குள் எழும் அழுத்தத்தை அது என்ன செய்யும்?

1916இல் ஜெர்மன் ராணுவம் இதே மவுசரை 9 மி.மீ. அளவில் 1,50,000 கேட்டது. தோட்டா மாறிவிடக் கூடாதென்று கைப்பிடியில் 9 என்று செதுக்கிச் சிவப்புச் சாயம் தீட்டினார்கள். விட்டம் வேறென்றால் ஓர் எண் போதும். டோக்கரேவ் விஷயத்தில் அந்த வழி இல்லை. ராணுவத் தோட்டாவின் அடியில் ஆலைக் குறியும் ஆண்டும் பொறித்திருக்கும்; எத்தனை அழுத்தம் என்பது இருக்காது.