சங்கக் கணக்கை நாமும் பார்ப்போம்

லிட்டில் அந்தமான் தீவில் உள்ள ஊர் ஹட் பே. இங்கே சரக்கு கப்பலில் வருகிறது. சரக்கு வந்ததும் கடைக்காரர் என்ன செய்கிறார்? மூட்டைகளை எண்ணுகிறார். பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறார். பிறகுதான் கையெழுத்துப் போடுகிறார்.

ஆனால் சங்கக் கூட்டத்தில் நாம் என்ன செய்கிறோம்? நோட்டு வருகிறது. பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். இது சரியா?

கூட்டுறவுச் சங்கம், சுய உதவிக் குழு ஆகியவை அரசு அலுவலகங்கள் அல்ல. உறுப்பினர்களே அவற்றை நடத்த வேண்டும்.

1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை வைத்தார்கள். நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். அங்கே ஆளுக்கு ஒரே ஓட்டு. அதிகப் பணம் போட்டவருக்கும் ஒரே ஓட்டுதான். இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் 1904-இல் வந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயிகளுக்கான கடன் சங்கம் தொடங்கியது.

சங்கம் நடத்துவதை எப்படிக் கற்பது? இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் வேண்டும்.

ஒன்று, படித்துக் கற்பது. சங்கத்துக்குத் துணைவிதிகள் உண்டு. யார் உறுப்பினர் ஆகலாம்? தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? கூட்டம் நடக்க எத்தனை பேர் வர வேண்டும்? எல்லாம் அதில் இருக்கும். சென்னையில் உள்ள நடேசன் கூட்டுறவு மேலாண்மை நிலையத்தில் இவற்றைப் பாடமாகவே கற்பிக்கிறார்கள்.

மற்றொன்று, செய்து கற்பது. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியுமா? ஒரு மாதம் நீங்கள் கூட்டக் குறிப்பு எழுதுங்கள். அடுத்த மாதம் வேறொருவர் எழுதட்டும். பணத்தை எல்லோர் முன்னும் எண்ணுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். பெட்டியில் முன்பு இருந்தது ரூ.1,200. பத்துப் பேர் ஆளுக்கு ரூ.100 கட்டினார்கள். பழைய கடனில் ரூ.500 திரும்பி வந்தது. மொத்தம் ரூ.2,700. புதிய கடன் கொடுத்தது ரூ.2,000. மீதி ரூ.700 இருக்க வேண்டும். பெட்டியில் ரூ.600 இருந்தால்? ரூ.100 எங்கே என்று கேட்க வேண்டும்.

கேட்பது சண்டை அல்ல. எழுதுவதில் தவறு நடந்திருக்கலாம். உடனே கேட்டால் உடனே திருத்தலாம். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவு இருக்காது. சந்தேகம் வளரும். சங்கம் உடையும். நம் சேமிப்பும் போகும்.

நமக்கு இப்போது படிக்கத் தெரியும். அடுத்த கூட்டத்தில் நோட்டு வரும்போது முதலில் படிப்போம். பிறகு கையெழுத்துப் போடுவோம்.