கதவைப் பூட்டுமுன் தணலை வெளியே வையுங்கள்

பெண்கள் தனித்து வாழும் வீடுகளுக்கு நான் அடிக்கடி போய்வருகிறேன். பொழுதுபட்டதும் கதவு, யன்னல் எல்லாம் இறுகப் பூட்டப்படுகின்றன. அந்த அச்சம் நியாயமானது. ஆனால், மாரிகாலத்தில் அதே அறைக்குள் தணற்சட்டியையும் வைத்துக்கொண்டு உறங்குவது உயிராபத்தானது.

பிள்ளை பெற்ற தாய்க்குக் குளிர் பிடிக்காதிருக்கச் சிரட்டைத் தணல் வைப்பார்கள். புகை அடங்கிய தணல் தீங்கற்றது என்றே பலரும் எண்ணுகின்றனர். அதிலிருந்துதான் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக அது இரத்தத்துடன் சேர்வதால், உடலுக்கு ஒட்சிசன் கிடைக்காமற் போகிறது. உறங்குபவர் விழிக்காமலே இறக்கலாம். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவையும் அது பாதிக்கும்.

தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், சோர்வு என்பன அறிகுறிகள். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் இவை ஏற்பட்டால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுப்பார்கள்.

சாம்பிராணிப் புகையைக் கதவு யன்னலைத் திறந்துவைத்தே காட்டுங்கள். மின்பிறப்பாக்கியை வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ இயக்காதீர்கள். குளிருக்குப் போர்வை போதும். குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் போட்டு, மார்போடு அணைத்துச் சூடு கொடுங்கள். படுக்கப்போகுமுன் தணலை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். அதன்பிறகு கதவைப் பூட்டுங்கள், சகோதரிகளே.