சத்தம் பெரிது, இழுவை சிறிது

பழைய கார் வெடிப்பதற்கும் திணறுவதற்கும் பெரும்பாலும் சில்லறைக் கோளாறே காரணம். எங்கே தேடத் தொடங்குகிறோம் என்பதில்தான் செலவு இருக்கிறது.

மேம்பாலத்தின் ஏற்றம். மூன்றாவது கியர். பின்னால் பஸ் ஹாரன் அலறுகிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அம்பாசடர் முன்னே பாய்வதற்குப் பதில் 'டமார்' என்று வெடிக்கிறது. நடைபாதையில் போகிறவர்கள் திடுக்கிட்டுத் திரும்புகிறார்கள். கியரைக் குறைத்தாலும் வண்டி முக்கி முனகி, 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மறுக்கிறது. கொல்கத்தாவோ தில்லியோ மும்பையோ, பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் பழக்கமான அவமானம் இது.

அடுத்த காட்சி ஒர்க்‌ஷாப்பில். ஒருவர் கார்பரேட்டரை மாற்றச் சொல்வார். இன்னொருவர் இன்ஜினையே இறக்க வேண்டும் என்பார். இரண்டையும் செய்த பிறகும் 'டமார்' மட்டும் போகாது. சில நூறு ரூபாயில் தீர வேண்டிய கதை பல ஆயிரங்களை விழுங்கிவிட்டு மறுபடி மேம்பாலத்துக்கே வந்து நிற்கும்.

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் விடைபெற்றது. இன்றைய இளம் மெக்கானிக் கணினியைச் செருகிக் கோளாறு எண்ணைப் படித்துப் பழகியவர். இந்தக் கார்களிலோ செருகுவதற்கு இடமே கிடையாது. காதும் மூக்கும் ஃபில்லர் கேஜும்தான் கருவிகள்.

வெடிப்பது எங்கே?

முதல் கேள்வி இதுதான்: சத்தம் முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா?

பானெட்டுக்கு அடியில், கார்பரேட்டர் வழியாக 'பக் பக்' என்று துப்பினால், இன்ஜினுக்குப் போகும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று சந்தேகிக்கலாம். இப்படிப்பட்ட கலவை மெதுவாக எரியும். அது எரிந்து முடிவதற்குள் உறிஞ்சும் வால்வ் திறந்துவிட, நெருப்பு வந்த வழியே திரும்புகிறது. பின்னால் சைலன்சரில் 'டமார்' என்றால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை, அல்லது தாமதமாக விழுகிறது. எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குப் போய் அங்கே வெடிக்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் சைலன்சர் படபடத்தால், குழாய் இணைப்பில் ஓட்டை விழுந்து காற்று புகுகிறதா என்று பார்த்தால் போதும்.

விதிவிலக்கு உண்டு. பிளக் ஒயர்கள் இடம் மாறியிருந்தாலோ, வால்வ் எரிந்திருந்தாலோ இரண்டு பக்கமும் வெடிக்கலாம். அம்பாசடர், பத்மினி இரண்டிலும் பொறி விழும் வரிசை 1-3-4-2. சமீபத்தில் யாராவது ஒயர்களைக் கழற்றி மாட்டியிருந்தால், முதலில் இதைச் சரிபார்ப்பது நல்லது. காசு செலவில்லை.

முதலில் பொறி

கார்பரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரக் கோளாறு என்பது பழைய மெக்கானிக்குகள் மத்தியில் உலவும் பேச்சு. காரணம் இருக்கிறது. நாலு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட், நிமிடத்துக்கு 6,000 தடவை திறந்து மூடுகிறது. அதைத் தள்ளும் ஃபைபர் முனை தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் டைமிங்கும் தாமதமாகும். டைமிங் பின்தங்கினால் இழுவை குறையும், இன்ஜின் சூடாகும், சைலன்சர் வெடிக்கும். ஆக, மூன்று புகார்களுக்கும் காரணம் ஒரு சின்னத் தேய்மானமாக இருக்கலாம்.

அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜினுக்குப் பாயின்ட் இடைவெளி சுமார் 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். பாயின்ட்டைச் சரிசெய்த பிறகே டைமிங் வைக்க வேண்டும். வரிசை மாறினால் செய்த வேலை வீண்.

பாயின்ட் அடிக்கடி கருகினால் கன்டென்சர் மீது சந்தேகம் விழ வேண்டும். வண்டி சூடானதும் மட்டும் மிஸ் அடிப்பதும் கன்டென்சர் அல்லது காயிலின் குணம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே மயிரிழை போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல். மின்சாரம் அதன் வழியே ஒழுகுகிறது. புதிய பாகம் என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. பழைய கன்டென்சர் வேலை செய்துகொண்டிருந்தால் அதைத் தூக்கியெறியாமல் டிக்கியில் வைத்திருப்பவர் புத்திசாலி.

பிறகு பெட்ரோல்

பொறி சரி என்றால் அடுத்தது பெட்ரோல். இதற்குச் செலவில்லாத சோதனை, சோக். வண்டி ஏற்றத்தில் துப்பும்போது சோக்கைச் சற்றே இழுத்துப் பாருங்கள். இழுவை திரும்பினால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது உறுதி. மாற்றமில்லை அல்லது மோசமாகிறது என்றால் கோளாறு வேறெங்கோ.

பெட்ரோல் ஏன் போதவில்லை? டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம். வண்டி திணறும்போது மூடியைத் தளர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபில்டரில் துருத்தூள், பம்ப் டயஃப்ரத்தில் கிழிசல், மெயின் ஜெட்டில் தூசி என்று பட்டியல் நீளும். பெட்ரோல் சரியாக வந்தும் கார்பரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கட் வழியே இன்ஜின் திருட்டுத்தனமாகக் காற்றை உறிஞ்சினாலும் இதே நிலைதான். ஐட்லிங்கில் ஓடவிட்டு அந்த இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவும்போது இன்ஜின் ஓசை மாறினால் கள்ளன் அகப்பட்டான்.

பிளக்குகளும் சாட்சி சொல்லும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கரி படிந்திருந்தால் அதிகம். ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டரில் பொறி இல்லை.

இப்போது புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எரிவதற்கு எத்தனாலுக்குக் குறைந்த காற்றே போதும். பழைய கார்பரேட்டருக்கோ இது தெரியாது. அது பழைய கணக்கிலேயே காற்றை விட, கலவை மெலிகிறது. ஏற்கெனவே விளிம்பில் இருந்த இன்ஜின் துப்பத் தொடங்குகிறது. சற்றே பெரிய ஜெட் போட்டால் இதைச் சமாளிக்கலாம். ஆனால் பழைய ரப்பர் குழாய்களையும் டயஃப்ரத்தையும் எத்தனால் அரிக்கும் என்பதுதான் பெரிய கவலை.

கடைசியில்தான் வால்வ்

இரண்டும் சரி, ஆனாலும் வெடிக்கிறது என்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து அளக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. சுவாசத்துக்கு நல்லது, பழைய இரும்பு ஹெட்டுக்கு அல்ல. ஈயம்தான் வால்வ் அமரும் இடத்தைத் தேயாமல் காத்துவந்தது. இப்போது அந்த இடம் தேய்ந்து வால்வ் மேலேறும், டாப்பெட் இடைவெளி குறையும், ஒருநாள் வால்வ் முழுதாக மூடாமல் எரிந்துபோகும். டாப்பெட்டை அவ்வப்போது அளந்து வைப்பவருக்கு ஹெட்டைக் கழற்றும் செலவு தள்ளிப்போகிறது.

வெறும் சத்தமல்ல

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

அவமானத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கார்பரேட்டர் வழியே துப்புவது நெருப்பு. அருகில் விரிசல் விட்ட பெட்ரோல் குழாய் கசிந்துகொண்டிருந்தால் கார் எரிய நிமிடங்கள் போதும். ஏர் ஃபில்டர் இந்த நெருப்பை ஓரளவு தடுக்கும். அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும், ஓடும் இன்ஜினின் கார்பரேட்டருக்குள் முகத்தைக் குனிந்து பார்ப்பதும் ஆபத்தான வீரம். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடித்தால், டைமிங்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் குழாயை மாற்றுங்கள்.