கேட்ட கணமே உளங்கவர்ந்த இசைத்தட்டு

சில இசைத்தட்டுகள் பன்முறை கேட்டுப் பழகிய பின்னரே தம் இன்பத்தைப் புலப்படுத்தும். வேறு சிலவோ, ஊசி தட்டில் பதிந்த சில கணங்களிலேயே கேட்பவர் உள்ளத்தைத் தம்வசமாக்கிக்கொள்ளும். இவ்விரண்டாம் வகைக்குச் சிறந்த உதாரணம், அமெரிக்க டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆகும்.

நியூயார்க் நகரில், முன்னொரு காலத்தில் தேவாலயமாக விளங்கிய கட்டடத்தில் அமைந்த கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில், மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே தினங்களில், ஜான் கோல்ட்ரேன், பில் எவன்ஸ் முதலிய வித்வான்கள், சுருக்கமான ஸ்வரக் குறிப்புகளையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, இதன் ஐந்து உருப்படிகளையும் வாசித்து முடித்தனர்.

அக்காலத்து ஜாஸ் இசையில் ஸ்வரக்கூட்டுகள் விரைந்து மாறிப் பழக்கமில்லாத செவியைத் திகைக்கச் செய்ய, டேவிஸோ, நம் ராக ஆலாபனையை நினைவூட்டும் வண்ணம், ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் நின்று நிதானமாகச் சஞ்சரித்தார். ‘ஸோ வாட்’ என்னும் முதல் உருப்படி பிரதானமாக இரண்டே ஸ்வர வரிசைகளில் அமைந்தது. அவசரமற்ற அந்த நடையும், ஸ்வரங்களுக்கிடையே அவர் விட்டுவைத்த மௌனமும், ஜாஸ் இன்னதென்று அறியாதவரையும் அன்போடு அருகழைத்து அமர்த்துகின்றன. அறிந்தவருக்கோ, கேட்குந்தோறும் புதுப்பொருள் தருகின்றன. முதற் சந்திப்பிலேயே பிரியமூட்டி, பழகப் பழக மேலும் இனிப்பதன்றோ உத்தமமான கலையின் லட்சணம்!