விளம்பரம் பலன் தருமா?

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று நம் நாட்டில் கேட்பதுண்டு. மல்லிகையின் மணம் தெருக்கோடி வரை சென்று தானே ஆளை அழைத்து வந்துவிடும். ஆனால் தையற்காரரின் கைநேர்த்திக்கும், ஏ.சி. பழுது பார்ப்பவரின் திறமைக்கும், மாலை வேளையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் ஆசிரியையின் பொறுமைக்கும் மணம் கிடையாது. ஒருமுறை அவர்களிடம் வேலையை ஒப்படைத்துப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

அந்த முதல் வேலை எவ்வாறு வந்து சேரும்? சொந்த ஊராயின் தகப்பனார் பெயரையும் பாட்டனார் பெயரையும் சொல்லி நாலு பேர் வருவார்கள். பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் வந்த நம்மவருக்கு அந்த வசதி இல்லை. வீட்டு வளையலை அடகு வைத்துச் சிறு தொழில் ஒன்றைத் தொடங்குகிறவர், அடுத்தபடியாக விளம்பரத்தைப் பற்றித்தான் எண்ணுகிறார். செய்தித்தாளில் பெரிய விளம்பரம் கொடுக்கக் கட்டுப்படியாகாது. ஆகவே, ஆட்டோவின் முதுகு, செய்தித்தாளுக்குள் செருகும் துண்டுப் பிரசுரம், மதிற்சுவர் என்று புதுப்புது வழிகளில் மனம் செல்கிறது. இவற்றுக்குச் செலவிடும் பணம் திரும்பி வருமா? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தோடு பிணைந்த கேள்வியாதலால் இதனைச் சற்று ஆராய்வோம்.

1980களிலும் 1990களிலும் வட இந்தியாவில் ரயிலில் சென்றவர்களுக்கு ஒரு காட்சி மறந்திராது. பாதையோரச் சுவர்களில் பெரிய எழுத்துக்களில் ‘ரிஷ்தே ஹி ரிஷ்தே’ என்று இந்தியில் எழுதியிருக்கும். எத்தனை வரன் வேண்டுமானாலும் உண்டு என்பது அதன் கருத்து. ‘வந்து பாருங்களேன்’ என்ற அழைப்பும், ஒரு பேராசிரியரின் பெயரும், தில்லி கரோல்பாக் முகவரியும் உடன் இருக்கும். ஒரு திருமணத் தகவல் நிலையத்தின் விளம்பரம் அது. சன்னலோரம் வேலையின்றி அமர்ந்திருக்கும் பயணியின் கண்ணில் அதே வாசகம் சுவருக்குச் சுவர் திரும்பத் திரும்பப் படும். இந்தி எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே பாடப் புத்தகமாயிற்று எனலாம். ஒரு சிறு நிலையத்தின் பெயர் இத்தனை பேர் நினைவில் பதிந்தது பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதை உரக்கப் படித்துச் சிரித்த நம்மவருள் எத்தனை பேர் அந்நிலையத்தின் படியேறினோம்? நம் வீட்டு வரன்கள் பெரும்பாலும் அத்தை வழியாகவும் மாமா வழியாகவுமே வந்தன. நினைவில் நிற்பது வேறு. வரவில் சேர்வது வேறு. அந்தச் சுவர்கள் நமக்காக எழுதப்பட்டவை அல்ல; மகளுக்கு மாப்பிள்ளை தேடிய வட நாட்டுப் பெற்றோருக்காக எழுதப்பட்டவை. நல்ல வரன் கிடைக்குமென்றால் இருநூறு மைல் கடந்தும் பெற்றோர் வருவர். ஆதலால் நெடுந்தூரச் சுவர் அத்தொழிலுக்குப் பொருந்தியது. நான்கு சட்டைகளை இஸ்திரி போட எவரும் நான்கு தெருக்களைக் கூடத் தாண்டுவதில்லை.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணத்தை மும்பையில் காணலாம். தாராவியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் விடியுமுன் இட்லி அவிக்கின்றன. ஆண்கள் அதைச் சுமந்து, ஹாரனை அமுக்கி ஒலி எழுப்பிக்கொண்டு தெருத்தெருவாகச் செல்கின்றனர். அவர்களுடைய விளம்பரம் அந்த ஒலி ஒன்றே. அது நான்கு கட்டடங்களுக்கு அப்பால் கேட்பதில்லை. ஆனால் கேட்பவர் அனைவரும் அக்கணமே பாத்திரத்தோடு இறங்கி வரக்கூடியவர்கள். நாள்தோறும் அதே வேளையில் கேட்பதால் நம்பிக்கையும் வளர்கிறது. ஹாரனுக்கு ஒருமுறைதான் விலை. இதைவிடச் சிக்கனமான விளம்பரம் இருப்பது அரிது.

பெரிய நிறுவனங்களின் புதுமையைப் பார்த்து மயங்குவோரும் உண்டு. 2013ஆம் ஆண்டு அலகாபாத் கும்பமேளாவில், ‘கை கழுவினீர்களா?’ என்று கேட்கும் வாசகத்தை லைஃப்பாய் சோப்பு நிறுவனத்தார் ரொட்டிகளின் மேலேயே சூட்டு முத்திரையாகப் பதித்தனர். இவ்வாறு 25 லட்சம் ரொட்டிகள் பந்திக்குச் சென்றதாகச் செய்தி வந்தது. அந்த யாத்திரிகர் எந்தக் கிராமத்துக்குத் திரும்பினாலும் அங்குள்ள கடையில் அந்தச் சோப்பு இருக்கும். நம் தையற்கடை அங்கே இராது. அவர்களுக்கு நாடெல்லாம் சந்தை. நமக்கு நம் பேட்டையே சந்தை.

இனி, கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஏ.சி. பழுது பார்க்கும் ஒருவர் கோடைக்கு முன் 2,000 ரூபாய் செலவிட்டுத் துண்டுப் பிரசுரம் வழங்குகிறார். பத்துப் பேர் விசாரிக்கின்றனர். நால்வர் வேலை தருகின்றனர். வேலை ஒன்றுக்கு 400 ரூபாய் மிஞ்சினால் வரவு 1,600, கைநஷ்டம் 400. விளம்பரம் வீண் என்று இங்கேயே முடிவு கட்டுவோர் பலர். ஆனால் அந்நால்வரில் இருவர் அவ்வாண்டிலேயே இன்னும் இரண்டிரண்டு முறை அழைத்தால் மேலும் 1,600 சேரும். நஷ்டம் 1,200 ரூபாய் இலாபமாக மாறும். அவர்களுள் ஒரு அம்மையார் தம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ‘நல்ல மனிதர், சொன்ன நேரத்துக்கு வந்தார்’ என்று எழுதிவிட்டால் அதன் பயனுக்கு அளவில்லை. முதல் வேலையை விளம்பரம் தருகிறது. இரண்டாவது வேலையைத் தருவது நம் நடத்தையே.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஒரே வாரத்தில் நாற்பது பேர் அழைத்து, பதினைந்து வீடுகளுக்கு மட்டுமே செல்ல முடிந்தால், மீதி இருபத்தைந்து பேர் நம்மைப் பற்றித் தவறாகச் சொல்வார்கள். கை எட்டும் அளவுக்கே குரல் கொடுப்பது அறிவுடைமை.

சுவரில் எழுதும் ஆசை உள்ளவர்கள் சட்டத்தையும் அறிதல் வேண்டும். பொதுமக்கள் பார்வையில் உள்ள சுவர்களை எழுதி அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தில்லியில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. எழுதிய ஆள் மட்டுமன்றி, எவருடைய நன்மைக்காக எழுதப்பட்டதோ அவரும் பொறுப்பாவார். கூலிக்கு வந்த பையன் ஒட்டிவிட்டான் என்று தட்டிக்கழிக்க இயலாது. நம் இடத்தில் நம் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்ளத் தடையில்லை.

ஆகவே, புதுமை விளம்பரம் பலன் தருமா என்றால், தரும் என்றே சொல்வோம். ஆனால் புதுமைக்காக அன்று. வேலை தரக்கூடியவர் வாழும் எல்லைக்குள் அது ஒலிக்க வேண்டும். மீண்டும் மீண்டும் அவர் கண்ணிலும் காதிலும் பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குக் கணக்கு வேண்டும். நாலணா மிளகாய்க்கும் கணக்கு எழுதிய பரம்பரை நம்முடையது. விளம்பரத்துக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும்?

இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும், ‘எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று பணிவுடன் கேட்டுக் குறித்து வையுங்கள். ஒரு வேளையில் ஒரே வகை விளம்பரத்தை மட்டும் செய்து பாருங்கள். ஆறு மாதம் சென்றபின் பக்கங்களைப் புரட்டினால், ஆட்டோக்காரருக்குக் கொடுத்த பணம் எவ்வளவு கொண்டு வந்தது, அடுத்த வீட்டுக்காரரின் ஒரு நல்ல சொல் எவ்வளவு கொண்டு வந்தது என்பது தெளிவாகும். அடுத்த முறை பணத்தை எங்கே போடுவது என்பதை அந்த ஏடே சொல்லிவிடும். அடகில் உள்ள வளையலும் விரைவில் வீடு திரும்பும்.