சென்னை – சிங்கப்பூர்: தொலைவும் நேரமும்

கடல் கடந்து பொருளீட்டுதல் நம் கடற்கரை மக்களுக்குப் புதிதன்று. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மகனையோ மருமகனையோ சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டு இருக்கும் இல்லங்கள் பல. அவ்வில்லங்களில் ஓர் இறப்பு நேர்ந்தால் முதலில் எழும் வினா, “பிள்ளை எப்போது வந்து சேரும்?” என்பதே. ஜனாஸாவை நெடுநேரம் காக்க வைத்தல் நம் மரபன்று. ஆதலின் இவ்வினாவுக்குப் பிழையற்ற விடை காணுதல் இன்றியமையாதது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ரஜூலா’ கப்பலும், அதன்பின் ‘சிதம்பரம்’ கப்பலும் சென்றுவந்த நாளில் இப்பயணம் ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. 1985ஆம் ஆண்டுத் தீ விபத்தோடு சிதம்பரத்தின் பயணிகள் சேவை முடிவுற்றது. கப்பல் மலாக்கா நீரிணை வழியே செல்லவேண்டும், விமானத்திற்கு அத்தடையில்லை. ஒரு பந்தின்மீது இரு புள்ளிகளுக்கிடையே நூலை இழுத்துப் பிடித்தால் அமையும் கோடே மிகக் குறுகிய வழியாகும். அவ்வாறு அளந்தால் மீனம்பாக்கத்திற்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் இடையே சுமார் 2,900 கிலோமீட்டர்.

மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றேகால் மணி நேரம் போதுமே எனலாம். ஆயினும் ஓடுதளம் நோக்கி ஊர்தல், மேலேறல், இறங்கல் ஆகியவற்றையும் சேர்த்துக் கால அட்டவணை நான்கு மணி நேரத்திற்குச் சற்று முன்பின்னாகவே காட்டும். காற்றும் இதில் பங்கு கொள்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்காக விரைந்த காற்றோட்டம் ஒன்று வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் 1950களில் இதனை ஆராய்ந்து விளக்கினார். போகும் விமானத்தை அது தடுக்கும். வரும் விமானத்திற்குத் துணைசெய்யும்.

பலரும் இடறுவது கடிகாரத்தில்தான். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. 1982க்கு முன் இவ்வேறுபாடு இரண்டு மணியே. ஊர்கள் நகரவில்லை, சிங்கப்பூரே தன் கடிகாரத்தை அரைமணி முன்னே நகர்த்திக்கொண்டது. இரவு 9 மணிக்கு அங்கே புறப்படும் விமானம் இங்கே 10.30க்கு இறங்கும். பயணச்சீட்டைப் பார்ப்போர் ஒன்றரை மணிப் பயணம் என மயங்குவர். உண்மையில் அது நான்கு மணி. இங்கே இரவு 11 மணிக்குக் கிளம்பினால் அங்கே காலை 5.45 ஆகலாம், அது ஆறேமுக்கால் அன்று, நாலேகால் மணி நேரமே.

விமான நேரத்தோடு கணக்கு முடிவதில்லை. அங்கே வீட்டிலிருந்து விமான நிலையம் செல்லுதல், இரண்டு மூன்று மணி முன்னதாகக் காத்திருத்தல், இங்கே குடியேற்றச் சோதனை, பின் நகரின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு வருதல் ஆகியவற்றைக் கூட்டினால் ஒன்பது பத்து மணி நேரமாகும். 2021 முதல் விமான நிலையத்திலிருந்து திருவொற்றியூர் விம்கோ நகர் வரை ஒரே தடத்தில் மெட்ரோ இரயில் உண்டு. நள்ளிரவில் அது ஓடாதாதலின் அப்போது சாலையையே நம்பவேண்டும்.

எனவே, அடக்க நேரத்தை அறிவிக்கும் பெரியோர், விமானம் இறங்கும் நேரம் இந்திய நேரமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளட்டும். அதனோடு குறைந்தது இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளட்டும். தந்தையின் முகத்தை மகன் இறுதியாகக் காண்பது சிலவேளை இந்தச் சிறு கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.