கொல்லைப்புறக் கணக்கு – 9: சாவுக்குருவிக்கு ஒரு வீடு

போன வாரம் மண்ணோடு நிறுத்தியிருந்தேன். இதழ் கடைக்கு வந்த இரண்டாம் நாள், பந்திங் பாசார் மாலாமில் ஓர் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். கைப்பேசியைத் திறந்து கத்தரி இலையின் படத்தைக் காட்டினார். இலையா அது, சல்லடை.

“தம்பி, இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்?”

பதில் சொல்லுமுன் அந்தச் சொல்லிலேயே கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கிறது. அதே கடையில் அதே புட்டியை வாங்கும் மலாய்க்காரர் ‘ராச்சுன்’ என்று கேட்டு வாங்குவார். ராச்சுன் என்றால் விஷம். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுக் காசு கொடுக்கிறார். நமக்கு மட்டும் அது மருந்து. பூச்சிமருந்து, எலிமருந்து, புல்லுமருந்து. ஒருவர் அதைக் குடித்து உயிரை விட்டாலும் ‘மருந்தைக் குடிச்சிட்டான்’ என்றுதான் சொல்கிறோம்.

என் அம்மா பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்தடிக்கிற வேலையில் இருந்தவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். துண்டு எங்கள் வீட்டுத் துண்டு. பிற்பகலில் வந்ததும் எங்களைத் தொடமாட்டார். குளித்த பிறகுதான் பிள்ளை, சோறு, எல்லாம். கைவிரல் நகங்கள் எப்போதும் உடைந்தே இருந்தன. வயதான பெண்களுக்கு நகம் அப்படித்தான் இருக்கும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது.

தோட்டங்களில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் பெண்களைத்தான் வைத்தார்கள், அவர்களில் தமிழ்ப்பெண்கள் நிறையப் பேர். தெனாகானிதா அமைப்பும் பினாங்கிலுள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கமும் சேர்ந்து அவர்களிடம் பேசி, 1992-இல் ‘விக்டிம்ஸ் வித்தவுட் வாய்ஸ்’ என்று ஓர் ஆய்வு நூல் கொண்டுவந்தன. புல்லுக்கு அடிக்கும் பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. அதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மலேசியா 2002-இல் அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத்தடை வந்தது. அம்மா வேலையை விட்டுப் பல வருடம் கழித்து.

இங்கேதான் எனக்கு ஒரு வேடிக்கை. லயத்தின் பின்னால் அம்மா போட்டிருந்த நாலு பாத்திக்குள் அந்த மருந்து ஒரு சொட்டும் நுழைந்ததில்லை. வேலைக்குப் போன சட்டையோடு வெண்டைச் செடிப் பக்கம்கூடப் போகமாட்டார். அடுப்புச் சாம்பலைத் தூவுவார், புழுவைக் கையால் பொறுக்குவார், அவ்வளவுதான். கேட்டால், “அது துரையோட மரத்துக்கு. இது நாம திங்கிறது” என்பார்.

துரையின் மரத்துக்கே அது சரியில்லை என்று துரைமார்கள் கண்டுபிடித்த கதைதான் இந்த வாரக் கதை.

பந்திங்கிலிருந்து வண்டியை எடுத்து, லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கேரித் தீவுக்குள் போய்ப் பாருங்கள். ரப்பர் காலத்துத் துரை ஒருவரின் பெயரைத் தாங்கிய தீவு. மா மெரி பழங்குடியினர் மரத்தில் முகமூடி செதுக்கும் கிராமமும் அங்கேதான். மற்றபடி கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. செம்பனைக்காடுகளில் ஆங்காங்கே ஓர் உயரமான கம்பம் நிற்கும், அதன் தலையில் ஒரு மரப்பெட்டி, பெட்டியில் ஓர் ஓட்டை. சின்ன வயதில் அது யாருக்கோ வைத்த தபால்பெட்டி என்று நினைத்தேன். ஆந்தைக்கு வீடு. சரியாகச் சொன்னால் கூகைக்கு: இதய வடிவில் வெள்ளை முகம் கொண்டதே, அதற்கு. நம் ஆட்கள் சாவுக்குருவி என்பது இதைத்தான்.

1960-களின் கடைசிவரை தீபகற்ப மலேசியாவில் கூகை அரிய பறவை. செம்பனை பெருகியது, பழத்தைத் தின்ன எலி பெருகியது, எலியைத் தேடிக் கூகை வந்தது. வந்ததற்குக் குடியிருக்கத்தான் இடமில்லை. கூகை கூடு கட்டாது, பொந்து தேடும். செம்பனையில் பொந்து ஏது? கிரஹாம் லென்டன் என்ற ஆய்வாளர் 1970-களின் பிற்பகுதியில் இதை உட்கார்ந்து கவனித்தார். அதன் பிறகு தோட்டங்கள் ஐந்து, பத்து ஹெக்டருக்கு ஒன்று என்று பெட்டி வைக்கத் தொடங்கின. ஒரு ஜோடி தன் குஞ்சுகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தீர்க்கும். சம்பளம் இல்லை, பெரட்டு இல்லை.

எலிமருந்தும் கூடவே நடந்தது. முதலில் வார்ஃபாரின். அதற்கு எலி பழகிவிட்டது. அதைவிடக் கடுமையானது வந்தபோது, மருந்து தின்ற எலியைத் தின்ற கூகையும் செத்தது. எலி மறுபடி பெருகுவதற்குச் சில மாதம் போதும், கூகைக்கு அப்படியில்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள்.

இன்றைக்கும் எங்கள் தாமானில் இரவு அது கீச்சென்று கத்தினால் அம்மா எழுந்து விளக்கைப் போட்டுவிடுவார். யாருக்கோ நேரம் வந்துவிட்டதாம். அது எலிக்குத்தான் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். “எலிக்கும் உயிர்தானே” என்று பதில் வந்தது.

கூகையைவிட எனக்குப் பெரிய பாடமாகப் படுவது பைப்புழு. மலாயில் உலாட் புங்குஸ். காப்பியைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லும்போது நாம் சொல்லும் அதே புங்குஸ்தான். காய்ந்த இலைத் துணுக்குகளால் ஒரு பை தைத்து, அதற்குள் இருந்தபடி தலையை மட்டும் நீட்டி ஓலையைத் தின்னும். செம்பனையைத் தொழிலாக நடுவது இந்நாட்டில் 1917-இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகளாகப் பைப்புழு அங்கங்கே இருந்த, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒன்று. 1950-களின் கடைசியில், வேறு சில்லறைப் பூச்சிகளுக்காக டிடிடி, டியெல்ட்ரின், எண்ட்ரின் என்று அடிக்க ஆரம்பித்தார்கள். உடனே பைப்புழு வெடித்துக் கிளம்பியது. இன்னும் அடித்தார்கள். இன்னும் வந்தது. மரங்கள் ஓலை கருகி எலும்பாக நின்றன.

பிரையன் வுட் என்ற பூச்சியியலாளர் 1960-களில் இதன் முடிச்சை அவிழ்த்தார். பைப்புழுவின் உடலில் முட்டையிடும் குட்டிக் குளவிகள் இருக்கின்றன. கண்ணுக்கு எளிதில் படாத அளவு சிறியவை. புழு பைக்குள் பத்திரமாக இருந்தது. திறந்த வெளியில் பறந்த குளவிதான் மருந்தில் செத்தது. காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனைத் தேடியிருக்கிறார்கள். அடிப்பதை நிறுத்திய இடங்களில் குளவி திரும்பி வந்தது, புழு அடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் சபாவின் கொக்கோத் தோட்டங்களில் கோர்டன் கான்வே என்பவரும் இதையேதான் கண்டார்.

கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. பைப்புழு இன்றும் வருகிறது, 2013-இல் அரசிதழில் ஆபத்தான பூச்சிகளின் பட்டியலிலும் ஏறியது. ஆனால் தோட்டங்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டன. செம்பனைத் தோட்டத்துச் சாலையோரத்தில் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஒரு செடியும், காலையில் விரிந்து வெயில் ஏறினால் சுருங்கிவிடும் வெள்ளைப் பூவும், இளஞ்சிவப்புக் கொடி ஒன்றும் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்ததென்று நினைத்திருப்பீர்கள். குளவிக்குத் தேன் வேண்டும் என்பதற்காக வைத்தவை அவை. குஞ்சுதான் புழுவைத் தின்னும். தாய்க்குப் பூ வேண்டும்.

ஆக, லாப நட்டம் பார்க்கும் கம்பெனி சாவுக்குருவிக்கு வீடு கட்டி, குளவிக்குப் பூந்தோட்டம் போடுகிறது. நாம் இருபதுக்கு எழுபது வீட்டின் பின் லோரோங்கில் ஆறு தொட்டி வைத்துக்கொண்டு மருந்து தேடி அலைகிறோம்.

இப்போது அக்காவின் கத்தரிக்கு வருகிறேன். சல்லடை போட்டது புள்ளி வண்டு. இதில் ஒரு சிக்கல் உண்டு. பளபளவென்று மினுங்கும் பொறிவண்டு அசுவினியைத் தின்னும் நம் ஆள். மினுக்கமே இல்லாமல், மேலே மெல்லிய பூனைமயிரோடு, முதுகில் 28 புள்ளியோடு இருப்பதுதான் கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும். இரண்டும் ஒரே குடும்பம். குழந்தைகளையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்: பொறிவண்டின் குஞ்சு குட்டி முதலைபோலக் கறுத்து நீண்டிருக்கும், அசிங்கமாயிருக்கிறதே என்று நசுக்கிவிடுகிறோம், புள்ளி வண்டின் குஞ்சு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். ஆறு தொட்டிக்குக் கைதான் மருந்து. காலையில் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரை எடுத்துப் போய், இலையைத் திருப்பி, வண்டைத் தட்டி விழவிட்டால் போதும். இலைக்கடியில் மஞ்சள் முட்டை வரிசை இருந்தால் கட்டை விரலால் ஒரு தேய்ப்பு. கத்தரியின் நுனி மட்டும் வாடித் தொங்கினால் அது தண்டுத் துளைப்பான். இரண்டு அங்குலம் கீழே சேர்த்து வெட்டி, பையில் கட்டி எறியுங்கள், செடியடியில் போடாதீர்கள்.

அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு. அது பூச்சியின் மேல் பட்டால்தான் வேலை செய்யும், எனவே இலையின் அடிப்பக்கம், மாலையில். கூடவே எறும்பு வரிசை போகிறதா பாருங்கள். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புதான் அதை ஆடு மேய்ப்பதுபோல் மேய்க்கிறது. எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சி போகாது.

வேப்பெண்ணெய் பற்றி நிறையப் பேர் ஏமாந்துபோய்ப் பேசுகிறார்கள். “நேத்து அடிச்சேன், இன்னைக்கும் உயிரோட இருக்கே!” இருக்கும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் உடனே கொல்வதில்லை. தின்னும் ஆசையைக் கெடுக்கும், தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வாரின் வழி வந்த தமிழ்நாட்டு விவசாயிகள் இதைப் பூச்சிவிரட்டி என்று சொல்வது எனக்குப் பிடிக்கும், கொல்லியும் இல்லை, மருந்தும் இல்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் என்.வி. சுப்பாராவ் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கரைசல்களைச் செய்து காட்டிவந்தவர். பந்திங்கில் இருக்கும் ஒரே தொல்லை மழை. மாலையில் கொட்டினால் தெளித்தது அத்தனையும் சாக்கடைக்குப் போகும். அம்மாவின் சாம்பலுக்கும் அதே கதிதான். மழை விட்ட மறுநாள் மறுபடி தெளிக்கவேண்டும், அலுத்துக்கொள்ளக் கூடாது.

பாகல்தான் பெரிய வழக்கு. பிஞ்சு மஞ்சளாகி, கோணி, விழுந்துவிடுகிறது. பழ ஈ பிஞ்சின் தோலுக்கடியில் முட்டை வைக்கிறது, புழு உள்ளே தின்று, காயோடு கீழே விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாகித் திரும்பி வருகிறது. இதற்குத் துளசி இலையைக் கசக்கிப் புட்டியில் போடும் பொறியைப் பலர் செய்து பார்த்து, ஒன்றும் விழவில்லை என்கிறார்கள். பொறியில் தவறில்லை. பீகாரின் பூசாவில் ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் 1912-இலேயே சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் ஈக்கள் மொய்ப்பதைப் பார்த்து, பிறகு இழுப்பது மெத்தில் யூஜினால் என்று கண்டார். துளசியில் இருப்பதும் அதுதான். ஆனால் அதற்கு மயங்குவது மா, கொய்யா, நட்சத்திரப் பழத்துக்கு வரும் ஈ. பாகலுக்கும் புடலைக்கும் வரும் ஈ வேறு சாதி, துளசியை ஏறெடுத்தும் பாராது. கொய்யாவுக்குத் துளசி வையுங்கள், பாகலுக்குக் காகிதம் சுற்றுங்கள். பூ உதிர்ந்து பிஞ்சு சுண்டுவிரல் நீளம் வந்ததும் சுற்றிவிடவேண்டும், ஒருநாள் தாமதித்தாலும் ஈ முந்திக்கொள்ளும். இங்கே நட்சத்திரப் பழத் தோட்டக்காரர்கள் காய் காயாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விழுந்த பிஞ்சைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள்.

நத்தைக்கு இரவு ஒன்பது மணி, ஒரு டார்ச்சு, ஒரு வாளி. வேறு வழியே இல்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எலியிலிருந்து நத்தைக்கும் நத்தையிலிருந்து மனிதருக்கும் மூளையைத் தாக்கும் ஒரு புழு தாவக்கூடும். கீரையை நன்றாக அலசிச் சமையுங்கள்.

எங்கள் வீட்டில் கொத்தமல்லி ஒன்றைப் பறிக்காமல் விட்டிருக்கிறேன். இந்தச் சூட்டில் அது சீக்கிரமே பூத்துவிடும், அந்த வெள்ளைப் பூவில் குட்டிக் குளவிகள் வந்து உட்காருகின்றன. கேரித் தீவின் சாலையோரம் எங்கள் லோரோங்குக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

நேற்று அம்மா பாகல் பந்தலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார். எட்டுப் பிஞ்சு. எட்டாவதில் என் படமும் ‘கொல்லைப்புறக் கணக்கு – 8’ என்ற எழுத்தும் தெரிந்தன. மண்ணைப் பற்றி நான் எழுதிய பக்கம்.

“படிச்சீங்களாம்மா?”

“தாள் கெட்டியா இருக்கு,” என்றார்.